புல்லெலி ஒன்றா, பலவா?

ஆப்பிரிக்கச் சவன்னாவில் பகல் வெளிச்சத்தில் புல்லுக்குள் ஓடித் திரியும் ஓர் எலிக்கு இதுவரை பல பத்து அறிவியல் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அவற்றில் கணிசமானவை அந்த எலி என்றும் வாழ்ந்திராத லண்டனில், தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மேசைகளில் எழுதப்பட்டவை. ஆர்விகாந்திஸ் என்ற அந்தப் பேரினத்தில் உண்மையில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வருகிறார்கள். ஒரு தலைமுறை பல என்றது. அடுத்த தலைமுறை அநேகமாக ஒன்றே என்றது. அதற்கடுத்தது மீண்டும் பல என்றது; ஆனால் அது எண்ணிய ‘பல’ முதல் தலைமுறையின் ‘பல’ அன்று.

வகைப்பாட்டியலாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிளேக் கிருமியைச் சுமக்கும் காட்டு விலங்குகளில் புல்லெலியும் ஒன்று. சாகேல் பகுதியில் பயிரை அழிக்கும் பெருங்கூட்டமாக அது பெருகுகிறது. உறக்கம், பார்வை, நீரிழிவு பற்றிய ஆய்வுகளுக்காக அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வகங்கள் அதை வளர்க்கின்றன. எந்த எலியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகாவிட்டால் இவற்றில் எதைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியாது.

புல்லுக்குள் ஒரு வாழ்க்கை

சர்ச்சைக்குள் போகுமுன் விலங்கைப் பார்த்துவிடலாம். செனகல், மவுரித்தானியா தொடங்கி சாகேல் நெடுகக் கிழக்கே சூடான் வரையும், நைல் கரையோரமாக எகிப்து வரையும், எத்தியோப்பிய மலைகளிலும், கென்யா, தான்சானியா புல்வெளிகளிலும் இது பரவியிருக்கிறது. உடல் ஏறத்தாழ ஒரு சாண் நீளம். ஒவ்வொரு மயிரிலும் கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி வருவதால் உடல் முழுதும் புள்ளி தெளித்த பழுப்பாகத் தெரியும். காய்ந்த புல்லுக்கு நடுவே கண்ணில் படாது. வால் உடலைவிடச் சற்றுக் குட்டை.

வளைகளைப் புதரடியிலும் கறையான் புற்றிலும் பாறை இடுக்கிலும் அமைத்துக்கொள்கிறது. வளையிலிருந்து மேய்ச்சல் இடத்துக்குப் புல்லுக்கு அடியிலேயே தடம் போட்டு, அதை அடைக்காமல் கடித்துத் துப்புரவாக வைத்துக்கொள்ளும். ஒரே வளைத்தொகுதியில் பல எலிகள் சேர்ந்து வாழ்கின்றன. புல், விதை, தண்டு ஆகியவையே முதன்மை உணவு. கருக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். நல்ல மழை பெய்து புல் விதைத்த ஆண்டில் இந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சாகேல் மக்கள் 1975–76இல் கண்டார்கள். நெடிய வறட்சிக்குப் பின் மழை திரும்பியதும் செனகல் உள்ளிட்ட இடங்களில் கொறிணிகள் பெருவெள்ளமாகப் பெருகின. அவற்றில் புல்லெலியும் இருந்தது.

எலிகளில் பெரும்பாலானவை இரவாடிகள். இது பகலாடி. விடியலிலும் அந்திக்கு முன்பும் அதன் நடமாட்டம் உச்சத்தில் இருக்கும். பேரினத்தின் வரலாற்றில் இந்த ஒரு பண்பு பின்னால் பெரும் பங்கு வகிக்கப் போகிறது.

தென் கென்சிங்டனில் பெயர்கள் பெருகிய காலம்

முதல் பெயர் பாரிஸிலிருந்து வந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு சென்ற இயற்கையியலாளர் எதியேன் ழோஃப்ருவா செயின்ட்-இலேர் அங்கிருந்து கொண்டுவந்தவற்றின் தொடர்ச்சியாக, 1822இல் தெமாரே நைல் புல்லெலியை ‘நிலோட்டிகஸ்’ என்று விவரித்தார். ஆர்விகாந்திஸ் என்ற பேரினப் பெயரை லெசோன் 1842இல் வைத்தார். அதே ஆண்டில் ஜெர்மானியரான ருப்பெல் எத்தியோப்பிய மலைநாட்டு வடிவத்துக்கு ‘அபிசினிகஸ்’ என்று பெயரிட்டார். இதுவரை வேகம் மெதுவாகத்தான் இருந்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவு 1881இல் தென் கென்சிங்டனில் புதுக் கட்டடத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. பாலூட்டிகள் பிரிவில் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் அமர்ந்திருந்தார். வாழ்நாளில் சுமார் 2,000 பாலூட்டி வடிவங்களுக்கு அவர் பெயர் வைத்தார். அந்தத் துறையில் அவரளவுக்கு எழுதியவர்கள் மிகச் சிலர். பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் அதிகாரிகள், மருத்துவர்கள், வேட்டைக்காரர்கள் தோலும் மண்டையோடுமாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புல்லெலி ஒன்றுக்கு 1910இல் தாமஸ் வைத்த ‘அன்சோர்கெய்’ என்ற பெயர், இந்தியாவில் பிறந்து ஆப்பிரிக்காவில் சேகரித்துத் திரிந்த மருத்துவர் வில்லியம் ஜான் அன்சோர்ஜின் நினைவாக வந்தது.

தாமஸ் தனியாக இல்லை. ராபர்ட் சார்ல்ஸ் ராட்டன் இந்திய வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்று லண்டன் வந்து, அருங்காட்சியகத்தில் ஊதியமின்றி எலிகளை ஆராய்ந்தார். 1909இல் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்லெலிகளுக்கு அவர் பல பெயர்களைச் சேர்த்தார். அருங்காட்சியகத்தின் கை டால்மன் 1911இல் கிழக்கு ஆப்பிரிக்க வடிவங்களை ஒருசேரப் பரிசீலித்து மேலும் நான்கைப் புதிதாக விவரித்தார். அட்லாண்டிக்குக்கு அப்பால் ஆலன், ஹெல்லர், சைல்ட்ஸ் ஃபிரிக் ஆகியோரும் தம் பங்குக்குச் சேர்த்தனர். ஃபிரிக் 1914இல் பெயரிட்ட ‘பிளிக்கி’, எத்தியோப்பியாவின் பாலே மலையில் மூவாயிரம் மீட்டருக்கு மேலே வாழ்வது. அழியும் நிலையில் உள்ள எத்தியோப்பிய ஓநாயின் இரைகளில் ஒன்று.

இவர்கள் கையில் இருந்த சான்று மூன்று: மயிரின் நிறம், உடலின் அளவு, மண்டையோட்டின் வடிவம். ஒரு புதிய ஊரிலிருந்து சற்றே செந்நிறமான தோல் வந்தால் அது புதிய வடிவமாகத் தோன்றியது. இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் அளந்ததைத் துல்லியமாக அளந்து, இடமும் தேதியும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறிப்பிட்ட தோலை வகைமாதிரியாக நிறுத்தினார்கள். அந்த ஒழுங்கு இன்றும் பயன்படுகிறது. பலவீனம் வேறிடத்தில் இருந்தது. புல்லெலியின் நிறம் வயதோடும் பருவத்தோடும் மண்ணோடும் மாறும். ஓர் ஊருக்கு இரண்டு மூன்று தோல்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மாற்றங்களைச் சிற்றின வேறுபாட்டிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

எலியட்டின் எலி, காப்பித் தோட்டத்து எலி

இதே மனிதர்கள், இதே முறையில், நம் பக்கத்து எலி ஒன்றையும் கையாண்டார்கள். ஆப்பிரிக்கப் புல்லெலியின் கதையைத் தமிழ் வாசகர் புரிந்துகொள்ள அதுவே நல்ல வழி.

சென்னை அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட் (1803–1887) என்பவரைத் தொல்லியல் ஆர்வலர்கள் அறிவார்கள். 1845இல் அமராவதியில் அகழ்ந்து அவர் எடுத்த சிற்பங்கள்தான் பின்பு லண்டன் சென்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அதற்கு முன்பே, தார்வாட் அடங்கிய தென் மராட்டியப் பகுதியில் பணியாற்றியபோது, அங்குள்ள பாலூட்டிகளை அவர் நுணுக்கமாகக் கவனித்துவந்தார். புதர்க்காட்டில் வாழும், முரட்டு மயிர் கொண்ட ஓர் எலியை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே 1837இல் ‘கோலுண்டா எலியோட்டி’ என்று அவர் பெயராலேயே விவரித்தார். எலியட்டும் தன் பட்டியலை 1839இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். அதே எலிக்கு அங்கே அவர் வைத்த பெயர் வேறு. முந்தியது கிரேயின் பெயர் என்பதால் விதிப்படி அதுவே நிலைத்தது. விலங்கை அதன் இடத்தில் பார்த்து, கூட்டையும் நடமாட்டத்தையும் எழுதியவரின் பெயர் துணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போனது. லண்டனின் பங்கை மதிப்பிடும் எவரும் இந்தச் சிறு நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புதரெலி என்று நாம் அழைக்கக்கூடிய இந்தக் கோலுண்டா, தென்கிழக்கு ஈரானிலிருந்து பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், இலங்கை வரை பரவியது. புல்லெலியைப் போலவே புள்ளி தெளித்த மேனி, குட்டை வால், புல்லுக்குள் தடம். மேல் வெட்டுப்பற்களில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். புல்லையும் நாரையும் பந்தாகச் சுற்றிப் புதரில் கூடு கட்டும்.

இலங்கையில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. அங்கே பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட் 1850இல் இதை இரண்டு சிற்றினங்களாக விவரித்தார். ஒன்றுக்கு நுவரெலியாவை ஒட்டிப் பெயர் வைத்தார். மற்றதற்குக் காப்பியை ஒட்டி. காப்பித் தோட்டங்கள் மலைநாட்டை நிறைத்த காலம் அது. நெலு என்று சிங்களத்தில் அழைக்கப்படும் குறிஞ்சியினச் செடிகள் மலைக்காட்டின் அடித்தளமெங்கும் வளர்ந்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடியும். விதை இருக்கும்வரை எலிகள் பெருகும். செடி மடிந்ததும் உணவு தேடித் தோட்டத்துக்குள் இறங்கும். 1861இல் லண்டனில் வெளியான எமர்சன் டென்னென்டின் இலங்கை இயற்கை வரலாற்று நூல், ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதைப் பதிவுசெய்கிறது. மொட்டும் பூவும் தேடி இளங்கிளைகளை எலிகள் கத்தியால் வெட்டியதுபோல் அறுத்துப் போட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் குழம்பு வைத்தும் உண்டார்கள் என்றும், எலி அதிகம் வரும் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்ல விரும்பினார்கள் என்றும் அவர் எழுதுகிறார். ஆளும் வர்க்கத்தின் வியப்பு கலந்த அந்தக் குறிப்பை இன்று வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. பசி மிகுந்த ஒரு வாழ்வில் இறைச்சி கிடைத்த இடத்துக்கு மக்கள் சென்றிருக்கிறார்கள். நம் முன்னோர் சிலருக்கும் இந்த எலிக்கும் இடையே இருந்த உறவைச் சொல்லும் அரிய பதிவு அது. 1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, காப்பி எலி என்ற பேச்சும் மங்கியது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911இல் தொடங்கிய பாலூட்டிக் கணக்கெடுப்பு கோலுண்டாவை மீண்டும் லண்டன் மேசைக்குக் கொண்டுவந்தது. ஷார்ட்ரிட்ஜ், கிரம்ப் போன்ற சேகரிப்பாளர்கள் அனுப்பிய தோல்களைத் தென் கென்சிங்டனில் பிரித்து ஆராய்ந்தவர்களில் முன் நின்றவர், ஆப்பிரிக்கப் புல்லெலிகளுக்குப் பெயர் வைத்த அதே ராட்டன். தாமஸ் 1923இல் கோலுண்டாவின் வட்டார வடிவங்களை வகுத்து எழுதினார்; குடகுக்கு ஒரு பெயர், குஜராத்துக்கு ஒரு பெயர் என்று அந்தப் பட்டியல் நீண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பல வடிவங்கள் தனிச் சிற்றினமாக நின்றன. இந்தியாவில் எல்லாமே ஒரு சிற்றினத்தின் வட்டார வடிவங்களாக வைக்கப்பட்டன. விலங்கின் இயல்பா இதற்குக் காரணம்? 1900–1923 இடைவெளியில் துணைச்சிற்றினம் என்ற கருத்து வலுப்பெற்றதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரே கை, சில ஆண்டு இடைவெளியில், வேறு விதிப்படி எழுதியிருக்கக்கூடும்.

எல்லாம் ஒன்றே என்ற காலம்

பெயர்கள் பெருகியபின் அவற்றைத் திரட்டிப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். சர் ஜான் எல்லர்மன் பிரிட்டனின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். கப்பல் நிறுவனங்களை மரபுரிமையாகப் பெற்றவர். அவருடைய ஈடுபாடு கொறிணிகளில் இருந்தது. உலகில் வாழும் கொறிணிகளின் குடும்பங்களையும் பேரினங்களையும் பற்றி 1940–41இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெளியிட்ட அவருடைய பெருநூல், ஒவ்வொரு பேரினத்துக்கும் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் நிறுத்தியது. அப்படி நிறுத்தியதும் பல பெயர்கள் எவ்வளவு மெலிந்த ஆதாரத்தில் நிற்கின்றன என்பது தானாகத் தெரிந்தது.

அதே காலத்தில் எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் முன்வைத்த சிற்றினக் கருத்து பரவியது: தமக்குள் இணைசேர்ந்து பெருகக்கூடிய தொகுதியே சிற்றினம். அந்த அளவுகோலில் மயிர் நிறத்துக்கு இடமில்லை. நைஜீரிய வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரான டி. ஆர். ரோஸ்வியர் எழுதி, 1969இல் அதே அருங்காட்சியகம் வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கொறிணிகள் நூல் இந்தக் காலத்தின் மனநிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதன் புல்லெலிகளும் நைல் புல்லெலியின் வடிவங்களாக அதில் அடங்கின. 1960, 70களின் பெரும்பாலான கையேடுகள் எத்தியோப்பிய மலை வடிவங்கள் போன்ற சிலவற்றை மட்டும் தனியே வைத்து, மீதியை ஒரே பெரும்பரப்புச் சிற்றினமாக நடத்தின.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் நிதானம். ஆதாரமில்லாத பெயரை ஏற்காதே என்ற விதி ஆரோக்கியமானது. ஆனால் அதற்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. இணைசேர்வதே அளவுகோல் என்றார்கள். யாரும் இணைசேர்த்துப் பார்க்கவில்லை. வெளித்தோற்றம் ஒத்திருந்ததால் இணைசேரும் என்று கொண்டார்கள். பழைய சான்றையே வைத்துக்கொண்டு முடிவைத் தலைகீழாக்கினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

குரோமோசோம் சொன்ன மறுப்பு

மறுப்பு நுண்ணோக்கியிலிருந்து வந்தது. 1980களில் வித்தாலி வோலோபுயேவ் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வகத்தினர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பல இடங்களில் பிடித்த புல்லெலிகளின் குரோமோசோம்களை ஆராயத் தொடங்கினர். ஒன்று என்று எண்ணப்பட்ட விலங்கு பல குரோமோசோம் வடிவங்களாகப் பிரிந்தது. எந்தப் பெயர் எதற்குப் பொருந்தும் என்று தெரியாததால், முதலில் அவற்றுக்குப் பெயரே வைக்காமல் ஏ.என்.ஐ.–1, 2, 3, 4 என்று எண்ணிட்டார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கத் தோன்றுகிறது. முந்தைய தலைமுறை இந்த இடத்தில் உடனே நான்கு புதுப் பெயர்களை வைத்திருக்கும்.

ஏ.என்.ஐ.–1க்கும் ஏ.என்.ஐ.–3க்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான்: 62. வேறுபாடு வடிவத்தில். குரோமோசோம்களின் கைகளை எண்ணினால் முதலாவதில் அறுபதைச் சற்றே தாண்டும்; இரண்டாவதில் எழுபதைத் தாண்டிச் செல்லும். இப்படி உள்ளமைப்பு மாறியவை கலந்து பிறக்கும் குட்டிகளில் இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது இணை பொருந்தாமல் தடுமாற வாய்ப்பு அதிகம். ஜான்-பிரான்சுவா துக்ரோ, லோரான் கிரான்ஜோன் ஆகியோருடன் சேர்ந்து வோலோபுயேவ் குழு 1997இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, குரோமோசோம், டி.என்.ஏ., கூண்டில் இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து, மேற்கு ஆப்பிரிக்காவில் குறைந்தது இரண்டு தனிச் சிற்றினங்கள் உள்ளன என்று வாதிட்டது. வறண்ட சாகேலில் பரவலாக உள்ளது நைல் புல்லெலி. அதற்குத் தெற்கே, மழை சற்று அதிகமான சூடானியச் சவன்னாவில் வாழ்வதற்கு அவர்கள் பொருத்திய பெயர், தாமஸ் 1910இல் வைத்த ‘அன்சோர்கெய்’. ரோஸ்வியர் காலத்தில் பெரிய சிற்றினத்துக்குள் கரைந்துபோன லண்டன் பெயர் ஒன்று ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து எழுந்து வந்தது.

இதிலிருந்து தாமஸ் சரியாகக் கண்டார் என்ற முடிவுக்கு விரைவது தவறு. அவர் வகுத்த பல வடிவங்கள் எழவில்லை. எழுந்த ஒன்றும் அவர் கருதிய காரணத்தால் எழவில்லை. குரோமோசோம் நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. உயிருள்ள அல்லது உடனே கொன்ற விலங்கின் செல் தேவைப்படுவதால், ஆய்வு செய்யப்பட்ட இடங்கள் வரைபடத்தில் சிதறிய புள்ளிகளாகவே உள்ளன. கை எண்ணிக்கை வேறுபட்டால் எப்போதும் தனிச் சிற்றினம் என்ற பொதுவிதியும் கிடையாது. ஒரே சிற்றினத்துக்குள் அத்தகைய வேறுபாடு நிலவும் கொறிணிகள் உண்டு.

மரபணு வரைந்த வரைபடம்

1990களின் இறுதியில் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒப்பீடுகள் இந்தப் பிரிவுகளைப் பெருமளவு உறுதிசெய்தன. இத்தாலியின் கார்லோ ஃபத்தா, மார்க்கோ கோர்த்தி ஆகியோர் மண்டையோட்டின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் அளந்து பழைய மாதிரிகளை மறுபரிசீலனை செய்தார்கள். தாமஸின் கண் தேடிய அதே உறுப்பு, புதிய கருவியில். மசரும் கார்ல்டனும் 2005இல் தொகுத்த உலகப் பாலூட்டிப் பட்டியல் ஏழு சிற்றினங்களை ஏற்றது: நைல் புல்லெலி, எத்தியோப்பியாவின் அபிசினிகஸ், பிளிக்கி, கிழக்கின் நைரோபே, நியூமன்னி, மேற்கின் அன்சோர்கெய், ரூஃபினஸ்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் மிக விரிவானது, செக் நாட்டின் ஜோசப் பிரையா தலைமையில் இத்தாலிய, பெல்ஜிய, ரஷ்ய, எத்தியோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்டது. பேரினம் கிழக்கு ஆப்பிரிக்காவில் கிளைத்து, அங்கிருந்து வடமேற்குச் சவன்னாவுக்கும் தென்கிழக்குச் சவன்னாவுக்கும் மீண்டும் மீண்டும் பரவியது என்பது அவர்கள் முன்வைக்கும் வரலாறு. இந்தச் சித்திரம் நம்பத்தக்கதாக இருக்கிறது. காலநிலை மாறி மாறி வந்த காலங்களில் புல்வெளி விரிந்தபோது எலியும் விரிந்திருக்கும். காடோ பாலையோ குறுக்கிட்டபோது கூட்டங்கள் பிரிந்து தனித்திருக்கும்.

ஆனால் மரபணுவும் கேள்வியை முடித்துவைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. இரண்டு கூட்டங்கள் என்றோ கலந்திருந்தால் அதன் தடம் ஒருதலையாகப் பதியும். எவ்வளவு விலகினால் தனிச் சிற்றினம் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எண் ஏதும் இல்லை. பிரிவினையை விரும்புபவர் ஒவ்வொரு கிளைக்கும் பெயர் கேட்கலாம். தயங்குபவர் அவற்றை ஒரே மரத்தின் கிளைகள் என்று விட்டுவிடலாம். தாமஸுக்கும் ரோஸ்வியருக்கும் இடையே இருந்த மனவேறுபாடு புதிய சான்றின் மேலும் தொடர்கிறது.

நம் கோலுண்டாவும் இந்த மரத்தில் இடம்பெற்றது. எமிலி லெகோம்ப்ட் குழுவினர் 2008இல் வெளியிட்ட வகைப்பாடு அதை ஆப்பிரிக்கப் புல்லெலிகளின் இனக்குழுவிலேயே சேர்த்தது. சுற்றியுள்ள உறவினர் அனைவரும் ஆப்பிரிக்காவில். இது மட்டும் இந்தியத் துணைக்கண்டத்தில். இது எப்படி நேர்ந்தது என்பதற்குப் புதைபடிவங்கள் இரு திசையிலும் கைகாட்டுகின்றன. சிவாலிக் படிவுகளில் கோலுண்டாவின் பழைய பற்கள் கிடைத்துள்ளன. எத்தியோப்பியாவின் ஹடாரிலும் கோலுண்டா என்று அடையாளம் காணப்பட்ட பற்கள் கிடைத்துள்ளன. லூசி என்ற ஆதிமனித எலும்புக்கூடு கிடைத்த அதே பகுதி. அரேபியா வழியாகக் கொறிணிகள் இரு பக்கமும் போய்வந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது என்ற அளவில் ஒப்புதல் உண்டு. இந்தப் பேரினம் முதலில் எங்கே தோன்றியது என்பதில் இல்லை. பற்களை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிப்பதன் அபாயம் இங்கேயும் உண்டு. ஒரே உணவு ஒரே மாதிரிப் பல்லை வெவ்வேறு வழிகளில் உருவாக்கிவிடும்.

ஆய்வகத்துக்குள் வந்த குழப்பம்

சிற்றினக் கேள்வியைப் பொழுதுபோக்கு என்று கருதுபவர்களுக்கு ஆய்வகமே சிறந்த பதில். மனிதன் பகலாடி, மருத்துவ ஆய்வில் பயன்படும் வெள்ளெலியும் சுண்டெலியும் இரவாடிகள். ஆகவே உறக்கம், உடற்கடிகாரம் பற்றிய ஆய்வுக்குப் பகலாடும் கொறிணி ஒன்று தேவைப்பட்டது. கென்யாவின் மசாய் மாராவில் 1993இல் பிடிக்கப்பட்ட புல்லெலிகளின் சந்ததி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மற்றொரு தொகுதி வளர்ந்தது. சுண்டெலியின் விழித்திரையில் கூம்புச் செல்கள் சுமார் 3 விழுக்காடு. புல்லெலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நிறப்பார்வையும் கூர்பார்வையும் கெடும் மனித நோய்களை ஆராய இதைவிடப் பொருத்தமான எலி அரிது. ஆய்வகத்தின் வழக்கமான தீவனத்தில் வளர்ந்தால் இதற்கு இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது என்பதும் தெரியவந்தது. 2022இல் நைல் புல்லெலியின் முழு மரபணுத்தொகுதி உயர்தரத்தில் வெளியானது.

இவற்றையெல்லாம் ஒப்பிடும்போதுதான் பழைய கேள்வி திரும்புகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கின் எலி அன்சோர்கெய். மிச்சிகனின் எலி நைல் புல்லெலி என்ற பெயரில் உள்ளது. குரோமோசோம் ஆய்வுகளின் விளைவு பரவும்வரை, மேற்கு ஆப்பிரிக்க எலியும் நைல் புல்லெலி என்றே கருதப்பட்டு வந்தது. இரண்டு ஆய்வகங்களின் முடிவு மாறுபட்டால், அது சோதனை முறையின் வேறுபாடா, சிற்றினங்களின் வேறுபாடா என்று கேட்காமல் மேலே போக முடியாது. பிளேக் கண்காணிப்பிலும் இதே சிக்கல். பழைய மருத்துவ அறிக்கைகளில் ‘அபிசினிகஸ்’ என்று எழுதப்பட்ட எலி இன்றைய வரையறையில் எது என்பதை, மாதிரி பாதுகாக்கப்படாத இடங்களில், இனிக் கண்டறிய வழியில்லை.

இன்னும் திறந்திருப்பவை

ஒரே சிற்றினம் என்ற பழைய முழு ஒருமைப்பாடு இனி நிற்காது. அதை நம்பிக்கையோடு சொல்லலாம். இரண்டு தனித்தனிச் சான்றுகளாவது ஒன்றையொன்று ஆதரிக்கும் பிரிவுகள் உள்ளன. நைல் புல்லெலி, அன்சோர்கெய் பிரிவு அவற்றில் மிக உறுதியானது. எத்தியோப்பிய உயர்மலை வடிவங்களின் தனித்தன்மையும் பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. மற்றவற்றில், குறிப்பாகச் சூடான், மத்திய ஆப்பிரிக்கா, தெற்கு எத்தியோப்பியா பகுதிகளில், எல்லை எங்கே என்பது முடிவாகவில்லை. அந்த நிலப்பரப்புகளில் பல போரால் நெடுநாள் ஆய்வாளருக்கு மூடிக் கிடந்தவை. வரைபடத்தில் எலி இல்லாததுபோல் தெரியும் இடம், ஆள் போகாத இடமாகவும் இருக்கலாம்.

கடினமான பிரச்சினை பெயருக்கும் உயிருக்கும் இடையே உள்ள இடைவெளி. குரோமோசோமும் மரபணுவும் இன்றைய உயிருள்ள கூட்டங்களிலிருந்து கிடைப்பவை. பெயர்கள் லண்டன், பாரிஸ், பெர்லின் இழுப்பறைகளில் உள்ள நூறாண்டுத் தோல்களோடு கட்டப்பட்டவை. அந்தத் தோலில் குரோமோசோம் பார்க்க முடியாது. எனவே ‘அன்சோர்கெய்’ போன்ற ஒரு பெயரை இன்றைய கூட்டத்துக்குப் பொருத்தும்போது, வகைமாதிரி கிடைத்த இடம், மண்டையோட்டு ஒற்றுமை ஆகியவற்றை நம்பியே அது நடந்திருக்கிறது. இரண்டு சிற்றினங்கள் அருகருகே வாழும் பகுதியில் கிடைத்த வகைமாதிரிக்கு இந்த வழி போதாது. பழைய தோலிலிருந்தும் பல்லடியிலிருந்தும் துண்டு துண்டான டி.என்.ஏ.வை எடுத்துப் படிக்கும் முறை இப்போது வளர்ந்துவிட்டது. வகைமாதிரிகள் எல்லாவற்றையும் அப்படிப் படித்தால் பெயர்ச் சிக்கலில் பெரும்பகுதி அவிழும். ஒவ்வொரு முறையும் மாதிரியிலிருந்து ஒரு சிறு துண்டு இழக்கப்படும் என்பதால் காப்பாளர்கள் தயங்குவதும் நியாயமே. அந்தத் தோல்களைப் பார்க்கும் வாய்ப்பு, எலி வாழும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதும் இந்த அறிவியலின் ஒரு பகுதிதான்.

கோலுண்டாவுக்கு இந்தக் கேள்வி அதே தீவிரத்தோடு கேட்கப்படவில்லை. ஈரானின் வறள்நிலத்திலிருந்து நுவரெலியாவின் குளிர்மலை வரை ஒரே சிற்றினம் என்ற ஏற்பாடு, ரோஸ்வியர் காலத்துப் புல்லெலி ஏற்பாட்டை ஒத்தது. கெலார்ட் தனியே பிரித்த இலங்கை மலை வடிவம் இந்தியப் புதர்க்காட்டு வடிவத்திலிருந்து எவ்வளவு விலகியது, பாக் நீரிணை அவற்றைப் பிரித்தது எப்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கூட்டங்கள் எந்தப் பக்கம் சேரும் என்பவை, புல்லெலியில் பயன்பட்ட அதே கருவிகளால் விடை காணக்கூடிய கேள்விகள். தேவையான பழைய தோல்களில் பல தென் கென்சிங்டனில் உள்ளன. உயிருள்ள எலி நம் ஊர்ப் புதர்களிலும் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் இருக்கிறது.